புதுப்பிப்பு: அக்காவும் தம்பியும், இரண்டாம் பாகம்

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதும் என் மாயக்கதையின் இரண்டாம் பாகம் நடுவில் நின்றுவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். தலைமை வேண்டாம் என்கிற அக்கா, அதற்காக ஏங்கும் தம்பி. அவள் ஏன் மறுக்கிறாள் என்பது எனக்கே பிடிபடவில்லை.

உங்களில் ஒருவர் இளங்கோவடிகளை நினைவுபடுத்தினீர்கள். அரசாளும் யோகம் இளையவனுக்கே என்று குறி சொல்லும் நிமித்திகன் சொன்னதும், அண்ணன் செங்குட்டுவனுக்காகத் துறவு பூண்டவர் அவர் என்பது கதை. அங்கேதான் வழி திறந்தது. மிக்க நன்றி.

என் அக்கா பயந்து விலகவில்லை. தம்பியின் முகம் வாடுவதைப் பார்க்க மனமில்லாமல் விலகுகிறாள். அவனுக்கோ அந்த விட்டுக்கொடுப்புதான் பெரிய அவமானம். "நீ குடுத்து எனக்கு வேணாம் அக்கா" என்று அவன் கத்தும் இடத்தை நேற்று இரவு எழுதினேன். கை நடுங்கியது.

இடமும் அமைந்துவிட்டது. இலங்கை மலையகத்தில் 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். என் கதையில் அந்தச் சில நாட்களில்தான் வாசல் திறக்கும். காவல் பொறுப்பை ஒருவர்தான் ஏற்கலாம்.

அப்புறம், தம்பியைக் கெட்டவனாக்கச் சொன்னவர்களுக்கு: என்னால் முடியாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் ஒரே கம்பளிக்குள் படுத்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். சண்டை கடைசிவரை இருக்கும், பகை இருக்காது.

இன்னும் மூன்று அத்தியாயங்கள் பாக்கி.