கலைச்சொல் வேண்டுகோள்: பணம் வைக்காமல் ஆடும் கேசினோ ஆட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1: இலண்டனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்காக இணையச் சூதாட்டம் பற்றிய எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இணையக் கேசினோத் தளங்களில், சொந்தப் பணம் எதுவும் வைக்காமல், தளமே தரும் வெற்று இருப்பைக் கொண்டு ஸ்லாட் (படங்கள் உள்ள உருளைகளைச் சுழலவிடும் ஆட்டம்) முதலிய ஆட்டங்களை ஆடிப்பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ பிளே’ என்றும் ‘டெமோ’ என்றும் சொல்கிறார்கள். அதற்குத்தான் சொல் அகப்படவில்லை.

முதல் வரைவில் ‘இலவசப் பயிற்சி ஆட்டம்’ என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது, கையேடு எந்தத் தவறான எண்ணங்களைக் களைய வந்ததோ அவையே என் சொல்லுக்குள் குடியிருப்பதைக் கண்டேன். ஸ்லாட் ஆட்டத்தில் ஒவ்வொரு சுழற்சியின் முடிவையும் எண்களைப் பிறப்பிக்கும் ஒரு நிரல் தீர்மானிக்கிறது. முந்தைய சுழற்சியில் என்ன வந்தது என்பது அதைச் சிறிதும் பாதிப்பதில்லை. ஆயிரம் முறை சுழற்றினாலும் கைவரப் போகும் திறமை எதுவும் இல்லை. பிளாக்ஜாக் போன்ற சீட்டாட்டத்தில் விதிகளையும் எப்போது சீட்டுக் கேட்பது என்பதையும் கற்றுக்கொள்ள முடியும் என்பது உண்மை. ஸ்லாட்டைப் பொறுத்தவரை ‘பயிற்சி’ என்ற சொல்லே பொய். ‘இலவசம்’ என்பதோ வேறொரு குழப்பம். பணம் செலுத்தியவருக்குத் தளங்கள் ஊக்கமாகத் தரும் ‘இலவசச் சுழற்சி’ வேறு. அதில் வென்றதைக் கையில் எடுப்பதற்கு முன், அந்தத் தொகையைப் போலப் பல மடங்கை மீண்டும் பந்தயமாக வைக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் வாசகர் ஏமாறுவார்.

‘பொய்யாட்டம்’ என்றும் எழுத முடியவில்லை. ஆசை காட்டுவதற்காகப் பணமில்லாத ஆட்டத்தில் அதிகம் வெல்லவிட்டு, பணம் வைத்ததும் இறுக்கிவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். பிரித்தானியச் சூதாட்ட ஆணையத்தின் தொழில்நுட்ப விதிகளின்படி, பணமில்லாத வடிவம் பணம் வைக்கும் வடிவத்தை உள்ளபடியே காட்ட வேண்டும். வெல்லும் வாய்ப்பைப் பற்றி ஆடுபவரைத் தவறாக எண்ணவைக்கக் கூடாது. உரிமம் இல்லாத தளங்களுக்கு இந்த உறுதியெல்லாம் கிடையாது. மேலும், 2019 மே 7 முதல், உரிமம் பெற்ற தளங்கள் வயதைச் சரிபார்த்த பிறகே பணமில்லாத ஆட்டத்தையும் திறந்துவிட முடியும். காசு போகாத வரை பிள்ளை விளையாடினால் என்ன என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். உண்மையை உரைக்கும் சொல் ஒன்று தாருங்கள்.

மடல் 2: மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, வணக்கம். நமக்குச் சூதாட்டச் சொற்களில் பஞ்சமே இல்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தில் கவறு இருக்கிறது, உருளாயம் இருக்கிறது, கழகம் இருக்கிறது. இன்று பல்கலைக்கழகம் வரை உயர்ந்துவிட்ட ‘கழகம்’ அங்கே சூதாடும் இடத்தையே குறிக்கிறது. அதே அதிகாரத்தின் முதற்குறளில் வரும் ‘தூண்டிற்பொன்’ உங்கள் பொருளுக்கு மிக நெருங்கியது; மீன் விழுங்குவது இரையென்று எண்ணிய தூண்டில் இரும்பை. ஆயினும், அது உவமையாகுமே அன்றிக் கலைச்சொல் ஆகாது என்பதால் அதை விடுத்தேன்.

என் பரிந்துரை ‘வெள்ளாட்டம்’. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். எழுதப்படாத ஓலை வெள்ளோலை. ஆழமில்லாத அறிவு வெள்ளறிவு. இங்கெல்லாம் ‘வெள்’ நிறத்தைக் குறிக்காமல், உள்ளீடு இன்மையைக் குறிக்கிறது. அந்த முறையில், பந்தயப் பொருள் இல்லாத வெறும் ஆட்டம் வெள்ளாட்டம். ‘வெண்மை’ என்பதற்கு அறியாமை என்ற பொருளும் குறளிலேயே இருப்பதால், ஆடித் தேர்ந்துவிட்டேன் என்று எண்ணுபவரின் நிலையையும் இச்சொல் உள்ளடக்குகிறது. கடன் வாங்காமல், நம் மொழியின் இயல்பிலேயே பிறந்த சொல்.

மடல் 3: யாழ்ப்பாணத்திலிருந்து, கணித ஆசிரியை

வணக்கம். ஐயாவின் சொல் செப்பமானது, ஆனால் வேற்றுமை உருபு ஏற்கும்போது இடறுகிறது. ‘வெள்ளாட்டில் வென்றான்’ என்று ஒருவர் சுருக்கி எழுதினால் ஆடு வந்து நிற்கும்; ‘வெள்ளாட்டி’ என்று பணிப்பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லும் அருகிலேயே இருக்கிறது. தேர் வெள்ளோட்டம் பின்னர் நடக்கும் நல்லோட்டத்துக்கு ஆயத்தம் என்பதையும் மறக்கக் கூடாது. அப்படியானால், பணம் வைத்து ஆடுவது இயல்பான அடுத்த படி என்று நம் சொல்லே சொல்லிவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை நான்காம் பக்கத்தைப் பற்றியது. அனுப்பிய வரைவில், ஆங்கிலத்தில் ‘ரேண்டம்’ எனப்படும் எண்ணைத் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கைப் பின்பற்றிச் ‘சமவாய்ப்பு எண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இங்கே எழுமாற்று எண் என்கிறோம். ‘சமவாய்ப்பு’ என்று படிக்கும் தந்தை, வெல்லவும் தோற்கவும் சமமான வாய்ப்பு இருக்கிறது என்றுதான் விளங்கிக்கொள்வார். உருளையில் தெரியும் ஒவ்வொரு படமும் சம அளவில் வரும் என்றும் எண்ணுவார். ஆனால், 1984இல் இங்கே டெல்னேஸ் (Inge Telnaes) என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையின் சாரமே, கண்ணுக்குத் தெரியும் உருளையின் நிறுத்தங்களுக்கு நிரலுக்குள் வெவ்வேறு எடை கொடுக்கலாம் என்பதுதான். பெரிய பரிசின் படத்துக்கு மிகச் சில எண்களும் வெற்றிடத்துக்குப் பல எண்களும் ஒதுக்கப்படும். ‘எழுமாற்று’ எழுகிறபடி வருவதை மட்டும் சொல்கிறது, சமம் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

மீள்வீதம், அதாவது வைத்த பந்தயத்தில் சராசரியாக ஆடுபவருக்குத் திரும்பும் பங்கு, பற்றிய வரியையும் திருத்த வேண்டும். மீள்வீதம் 96 விழுக்காடு என்றால், 100 பவுண்டுடன் போனால் 96 பவுண்டுடன் திரும்பலாம் என்று வாசகர் கொள்வார். அந்த 4 விழுக்காடு, வைக்கும் ஒவ்வொரு பந்தயத்தின் மீதும் சராசரியாகக் கழிவது. சுழற்சிக்கு 1 பவுண்டு வீதம், வென்றதையும் திரும்ப வைத்து 500 முறை சுழற்றினால், வைத்த மொத்தம் 500 பவுண்டு. சராசரி இழப்பு 4 அல்ல, 20. ஒரு மாலைப்பொழுதில் ஒருவருக்குக் கிட்டுவது இந்தச் சராசரியிலிருந்து வெகுதூரம் விலகியும் இருக்கலாம்.

மடல் 4: கோவையிலிருந்து, உளவள ஆலோசகர்

அனைவருக்கும் வணக்கம். இந்த உரையாடலை மதிப்புடன் படித்தேன், ஆனால் என் முன்னால் வந்து அமரும் எவரும் இச்சொற்களில் ஒன்றையும் சொன்னதில்லை. எல்லாரும் சொல்வது டெமோ. தன் மகனின் கைப்பேசித் திரையில் அச்சொல்லைப் பார்க்கும் தாய், கையேட்டிலும் அதையே தேடுவார். சொல் தூய்மையாக இருந்து அவருக்குப் புரியாமல் போனால், கையேடு அச்சிட்டதன் பயன் என்ன?

ஓர் இளைஞர் மூன்று நாள் டெமோவில் ஏறுமுகமாக இருந்ததாகவும், அதனால் ஆட்டத்தின் போக்குப் பிடிபட்டுவிட்டதாக எண்ணிப் பணம் வைத்ததாகவும் என்னிடம் சொன்னார். இடையில் எத்தனை முறை இருப்புத் தீர்ந்தது என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பக்கத்தை மறுபடி திறந்ததும் இருப்பு நிரம்பிவிடுகிறது. தோல்வி தடயமின்றி அழிந்துபோகிறது, வெற்றி மட்டும் நினைவில் தங்குகிறது. நிரல் இரண்டு வடிவத்திலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆடுபவரின் பை ஒன்றல்ல. பொய் இருப்பு பெரிதாக இருப்பதால் நீண்ட தோல்வித் தொடரையும் தாங்கிக் கடந்து அடுத்த வெற்றிக்குப் போய்ச் சேர்கிறார். உண்மைப் பணத்தில் அந்தத் தொடரின் பாதியிலேயே பை காலியாகிவிடும். எந்தச் சொல்லை வைத்தாலும், இந்தப் பத்தியைக் கையேட்டில் சேர்த்துவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மடல் 5: மதுரையிலிருந்து

ஆட்டையும் வெள்ளாட்டியையும் நான் எதிர்பார்க்கவில்லை. அம்மையாரின் மறுப்பு நியாயமானது. மற்றொன்று தருகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும்போது, கூட ஓடும், ஆனால் கணக்கில் சேராத சிறு பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பார்கள். இன்று ‘உப்புக்கு’ என்று திரிந்து வழங்குகிறது. இங்கே வரும் சப்பாணி கால் ஊனமுற்றவரைக் குறிப்பதாகப் பலர் கருதுகிறார்கள். பிள்ளைத்தமிழின் சப்பாணிப் பருவத்தை, அதாவது குழந்தை கை கொட்டும் பருவத்தை, நினைத்தால் வேறு விளக்கமும் தோன்றுகிறது. பாணி என்றால் கை. ஆட்டத்தில் சேராமல் அருகில் நின்று கைகொட்டும் குழந்தையே ஆதியில் சப்பாணி என்பது என் துணிபு. அது நிற்க, நமக்கு வேண்டியது ‘ஒப்பு’ மட்டுமே. ‘ஒப்பாட்டம்’ என்றால் பணம் வைக்கும் ஆட்டத்தை ஒத்தது, ஒப்புக்கு ஆடுவது. ஆணையத்தின் விதி சொல்லும் ஒப்புமையும், கணக்கில் சேராமையும் ஒரு சொல்லில் அமைந்துவிட்டன.

மடல் 6: கோவையிலிருந்து

ஐயா, பொருத்தம் அழகாக இருக்கிறது. விளக்கம் இல்லாமல் காதில் விழுந்தால் ஒப்பாரிதான் நினைவுக்கு வருகிறது. சொல்லடைவில் ஏற்றுங்கள், தலைப்பில் வேண்டாம்.

மடல் 7: இலண்டனிலிருந்து

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு வரை மறுமொழி தந்தவர்களில் ஐவர் ‘காசு கட்டா ஆட்டம்’ போதும் என்றார்கள். இருவர் ஒப்பாட்டத்தின் பக்கம். ‘கட்டுதல்’ செலுத்துவதையும் பந்தயம் வைப்பதையும் ஒருங்கே குறிப்பதால், பெரும்பான்மையை ஏற்று, தலைப்பில் ‘டெமோ எனப்படும் காசு கட்டா ஆட்டம்’ என்று போட்டிருக்கிறேன். ஒப்பாட்டம் கடைசிப் பக்கச் சொல்லடைவில் விளக்கத்துடன் இடம்பெறுகிறது. இங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் ஈழத்தை வேராகக் கொண்டவர்கள் என்பதால் நான்காம் பக்கத்தில் ‘எழுமாற்று எண்’ என்றே இருக்கும். மீள்வீதக் கணக்கும், இருப்பு நிரம்புவது பற்றிய பத்தியும் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கு இடம் செய்ய வரலாற்றுப் பகுதியைக் குறைத்தேன்.

மடல் 8: மதுரையிலிருந்து

அம்மா, முடிவை மதிக்கிறேன். ‘கட்டா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக ஒழுங்காக நிற்கிறது என்பதில் குறையில்லை. ஆனாலும், அது பொருளின் விவரிப்பே தவிரப் பெயர் அல்ல. ‘ஒப்பாடினான்’ என்பதுபோல வினையாக்க அதற்கு வழியில்லை. சமவாய்ப்பை விட்டதும் எனக்கு உடன்பாடில்லை, தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் அங்கே வந்த பிள்ளைகள் அதைத்தான் பள்ளியில் படித்திருப்பார்கள். இரண்டாம் பதிப்பு வருமானால் இவ்விரண்டையும் மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.