ஏழு வயது மகளோடு சேர்ந்து சின்னதாக ஒரு ரயில் லேஅவுட்: எந்த ஸ்கேலில் ஆரம்பிப்பது?

நாலாம்நடைமேடை எழுதியது:

மரத் தண்டவாள செட்டை வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் பாதை போட்டுக்கொண்டிருந்த என் மகள், இப்போது "இது தானா ஓடாதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். வயது ஏழு. எனக்கும் சின்ன வயதிலிருந்தே இந்த ஆசை உண்டு, மறைப்பானேன். சுவரோரமாக 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம் விட்டுத்தர வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடக் கிடையாது.

ஹெச்.ஓ.வா (நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது), என்-ஸ்கேலா (இன்னும் சின்னது, சுமார் 160-ல் ஒரு பங்கு) என்பதுதான் பெரிய குழப்பம். குமிழைத் திருப்பித் தண்டவாளத்து மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் சாதாரண டி.சி. போதுமா, எஞ்சினுக்குள் இருக்கும் சிப்புக்குக் கட்டளை அனுப்பி ஓட்டும் டிஜிட்டலுக்கு முதலிலேயே போய்விடலாமா? அப்புறம், மேலே ஒரு பாலத்தில் ரயில் போக வேண்டும், கீழே இன்னொரு ரயில் போக வேண்டும் என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். நான் கட்டி அவள் வேடிக்கை பார்ப்பதாக இது ஆகிவிடக் கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தச்சுமேசை எழுதியது:

முதலில் டேப்பை எடுங்கள், பாதிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும். ஹெச்.ஓ.வில் செட்டோடு வரும் மிக இறுக்கமான வளைவுகளின் ஆரமே 360 அல்லது 371 மி.மீ. இருக்கும். அரைவட்டம் போட்டுத் திரும்பி வர, தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கே 72 முதல் 74 செ.மீ. ஆகிவிடும். வளைவில் பெட்டியின் மூலை வெளியே நீட்டும், பலகை ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட வேண்டும், எல்லாம் சேர்த்தால் 85 செ.மீ.க்குக் குறைவாக அகலம் வைக்க முடியாது. ஆக, உங்கள் 75-ல் ஹெச்.ஓ. சுற்றுப்பாதை நடக்காது. என்-ஸ்கேலில் 249 மி.மீ. ஆர வளைவு சாதாரணமாகக் கிடைக்கும், 60 செ.மீ. அகலப் பலகையிலேயே தாராளமாகச் சுற்றி வரும். அதனால் என் ஓட்டு என்-ஸ்கேலுக்கு.

பாலத்தைப் பொறுத்தவரை, அடியில் ரயில் போக வேண்டும் என்றால் என்-ஸ்கேலிலேயே கீழ்த் தண்டவாளத்திலிருந்து மேல் தண்டவாளம் வரை 5 செ.மீ. உயரம் வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் வைத்தால் சின்ன எஞ்சின்கள் நான்கைந்து பெட்டியோடு திணறும். அந்தக் கணக்கில் ஏற 1.7 மீட்டர், இறங்க இன்னொரு 1.7 மீட்டர். உங்கள் பலகையில் மொத்தச் சுற்றே நாலு மீட்டர்தான் வரும், அப்புறம் ஸ்டேஷனை எங்கே வைப்பீர்கள்? இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிளைவுட்டின் மேல் இரண்டு அங்குல ஃபோம் பலகையை ஒட்டுங்கள் (கரைப்பான் கலந்த பசை ஃபோமைத் தின்றுவிடும், அதனால் வெள்ளைப் பசைதான்). தண்டவாளம் சமதளத்திலேயே போகட்டும், ஃபோமை மட்டும் கீழே வெட்டி ஆறு ஒன்று ஓடவிடுங்கள். பாலமும் ஆச்சு, ஏற்றமும் இல்லை. ஆற்றுக்கு வண்ணம் அடிக்கும் வேலையை மகளிடம் முழுதாக விட்டுவிடலாம், அவள் ஊதாவில் அடித்தாலும் ரயில் ஓடும்.

ஷண்டிங்பிரியன் எழுதியது:

தச்சுமேசை சொன்ன அளவுகள் எல்லாம் சரி, முடிவுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுற்றுப்பாதை வேண்டும் என்று யார் சொன்னது? ஏழு வயதுப் பிள்ளை கைக்கு என்-ஸ்கேல் ரொம்பப் பொடி. தண்டவாள அகலம் 9 மி.மீ., சக்கர விளிம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இருபது மீட்டர் நீள நிஜப் பெட்டி அதில் 12.5 செ.மீ.க்குச் சுருங்கிவிடும், ஹெச்.ஓ.வில் 23 செ.மீ. தடம் புரண்ட பெட்டியைத் திரும்ப ஏற்றி வைக்க ஒவ்வொரு தடவையும் "அப்பா!" என்று கூப்பிட வேண்டியிருந்தால், அது உங்கள் ரயிலாகத்தான் இருக்கும், அவளுடையதாக இருக்காது.

அதோடு, வட்டம் சீக்கிரம் அலுத்துப்போகும். பார்க்க அழகுதான், ஆனால் குமிழைத் திருப்பியதும் பிள்ளைக்கு வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் சுவரோரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல ஒன்று இருக்கிறது: ஆலன் ரைட் என்பவர் பிரபலமாக்கிய இங்கில்நூக் என்ற ஷண்டிங் புதிர், அதாவது வேகன்களை முன்னும் பின்னும் தள்ளி இழுத்து வரிசைப்படுத்தும் விளையாட்டு. மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைத் தண்டவாளம்), இரண்டே பாயிண்ட் (பாதை பிரியும் இடம்). ஒரு சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் முனையில் எஞ்சினோடு மூன்று வேகனுக்கு மட்டும் இடம், அதைக் கூட்டினால் புதிரே கெட்டுவிடும். எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் ரயிலைச் சேர்க்க வேண்டும். 6720 விதமான வரிசை வரும். பிள்ளைக்கு முதலில் ஐந்து வேகன் வைத்து மூன்றை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள், அதுவே 60 விதம். ஹெச்.ஓ.வில் குட்டையான நான்கு சக்கர வேகன்களாக எடுத்தால் 180 செ.மீ. நீளத்தில் அடங்கிவிடும், அகலம் 30 போதும்.

என் அக்கா மகனுக்கு இப்படி ஒன்று செய்து கொடுத்தோம். வேகன் ஒவ்வொன்றையும் அட்டையில் அவனே வரைந்தான். சீட்டுக் குலுக்கி, அட்டைகளைத் தண்டவாளத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, மூங்கில் குச்சியைக் கப்ளிங்குகளுக்கு (வேகன்களை இணைக்கும் கொக்கிகளுக்கு) நடுவே விட்டு லேசாகத் திருகுவான், "டக்" என்று கழன்றுவிடும். அந்தக் குச்சியை வேறு யாரையும் தொட விடமாட்டான், அவனைப் பெற்றவர்கள் உட்பட.

எஞ்சின் வாங்கும்போது மட்டும் கவனம். நான்கு சக்கரக் குட்டி எஞ்சின்கள் பாயிண்ட் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பகுதியில் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். ஆறு சக்கரமாவது இருக்க வேண்டும், எல்லாச் சக்கரத்திலிருந்தும் மின்சாரம் எடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கம்பிவேலை எழுதியது:

ஸ்கேல் சண்டைக்கு நான் வரவில்லை, மின்சாரம் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரே எஞ்சின் என்றால் 12 வோல்ட் டி.சி. தாராளம். டிஜிட்டலில் எனக்குப் பிடித்தது இரண்டு எஞ்சின் ஓட்டலாம் என்பதுகூட இல்லை. எஞ்சின் சிப்பில் சி.வி. 5 என்ற எண்ணுள்ள அமைப்பில் உச்ச வேகத்தைக் குறைத்து வைத்துவிடலாம், சி.வி. 3-ல் மெதுவாக வேகம் எடுக்க வைக்கலாம். பிள்ளை குமிழை முழுதாகத் திருப்பினாலும் எஞ்சின் மேசையிலிருந்து பறக்காது. டி.சி.யில்தான் இருப்பேன் என்றால் பலகை ஓரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு அடித்துவிடுங்கள், டிஜிட்டல் என்றாலும் அடித்து வைப்பது நல்லது.

பிறகு எப்போதாவது பெரிதாக்கி, ரயில் ஒரு வளையம் போட்டு வந்த பாதையிலேயே திரும்புவது போல அமைத்தால், இரண்டு தண்டவாள முறையில் இடப்பக்கம் வலப்பக்கத்தைத் தொட்டு நேராக ஷார்ட் ஆகும். தனியாக இடைவெளி வெட்டி வயரிங் செய்யாமல் அதைப் போடாதீர்கள். தண்டவாளம் நிக்கல் சில்வராகப் பார்த்து வாங்குங்கள், இரும்பு துருப்பிடிக்கும், பித்தளையில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். எஞ்சின் விட்டுவிட்டு ஓடினால் மோட்டாரைச் சந்தேகப்படுவதற்கு முன், பஞ்சு போன்ற துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்துப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அதுதான். மணல்தாள் வேண்டவே வேண்டாம், கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும்.

சுவர் பிளக்கில் செருகும் அடாப்டரைத் திறக்கவோ அதன் வயரை வெட்டி ஒட்டவோ கூடாது. சால்டரிங்கை நீங்கள் செய்யுங்கள், கம்பி நுனியை உரித்துத் தருவது அவள் வேலை. வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் கப்ளிங்குக்கு வைக்கும் காந்தத் துண்டுகளைப் பூட்டி வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆபரேஷன் வரைக்கும் போகும்.

நாலாம்நடைமேடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஷண்டிங்பிரியன் சொன்னபடி காகிதத்தில் சைடிங் வரைந்து, தீப்பெட்டிகளை வேகனாக வைத்து மகளோடு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை, "இன்னும் ஒரே ஒரு ரயில்" என்றாள். அதனால் ஹெச்.ஓ., 30 செ.மீ. பலகை, ஆறு சக்கர எஞ்சின், டி.சி. என்று முடிவு செய்துவிட்டேன். ஃபோம் யோசனையையும் விடவில்லை, எஞ்சின் போய்வரும் முனைக்குக் கீழே ஆறு வெட்டப் போகிறோம். ஊதா இல்லையாம், முதலையோடு பச்சை ஆறு.

ஒரே சிக்கல், "ஆனா சுத்தி சுத்தி வராதா?" என்ற கேள்வி தீர்ந்தபாடில்லை. அதே எஞ்சினை விடுமுறை நாளில் தரையில் செட் தண்டவாளம் போட்டு ஓட்டலாமா?

தச்சுமேசை எழுதியது:

சரி, தோற்றுவிட்டேன், முதலைக்காக மன்னிக்கிறேன். தரையில் தாராளமாக ஓட்டலாம், தண்டவாளமும் அதே 16.5 மி.மீ. அகலம்தான். கார்ப்பெட் மேல் மட்டும் போடாதீர்கள், அதன் நூலும் தலைமுடியும் அச்சில் சுற்றிப் பல்சக்கரத்துக்குள் போய்விடும். வெறும் தரை நல்லது, இரண்டு மெல்லிய பிளைவுட் துண்டுகளை விரித்து அதன்மேல் போட்டால் இன்னும் நல்லது, வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இடம் இருந்தால் 438 மி.மீ. ஆர வளைவாக வாங்குங்கள், பின்னால் நீளப் பெட்டிகள் வாங்கினாலும் அதில் போகும்.