கடலில் தப்பி வந்தவருக்கு இன்னும் தூக்கம் வரவில்லை, என்ன செய்வது?

தென்கடல்_வீடு எழுதியது:

வணக்கம். பாம்பன் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஐப்பசி கடைசியில் தென்கடலில் வலை விட்டிருந்தபோது காற்று திரும்பி, படகு கவிழ்ந்துவிட்டது. விடியும்வரை கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார்கள். மூன்று பேர் கரைக்கு வந்தார்கள். இவருடைய சித்தப்பா மகன் வரவில்லை, மறுநாள் உடல்தான் ஒதுங்கியது.

ஒரு மாதம் தாண்டிவிட்டது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. ஆனால் ராத்திரியில் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். விரல் எல்லாம் வெளுத்துப் போகிறது, விடுவிக்க முடியவில்லை. டீசல் வாசனை வந்தால் குமட்டுகிறது. "கையைப் பிடிச்சுத்தான் இருந்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை. சாயங்காலம் ஆனால் ஊர்க்காரர்கள் வந்து முதலிலிருந்து கதையைக் கேட்கிறார்கள். அவர்கள் போன பிறகு குவார்ட்டர் இல்லாமல் படுப்பதில்லை. மாமியார் பயந்த கோளாறு, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போ என்கிறார். படகுக் கடன் வேறு நிற்கிறது.

இது புத்தி பேதலிப்பா? தானாகச் சரியாகுமா? எப்போது மறுபடி தொழிலுக்கு அனுப்பலாம்?

கச்சான்காற்று எழுதியது:

தங்கச்சி, நான் மண்டபத்துக்காரன். சின்ன வயதிலிருந்தே கடல்தான். இது பேதலிப்பு இல்லை. கடலில் அந்த மாதிரி ஒரு ராத்திரியைப் பார்த்தவன் எவனுக்கும் வரும்.

முதல் காரியம், வாசலில் கதை கேட்க வருகிறவர்களை நிறுத்து. "அவுக தூங்குறாக" என்று சொல்லி அனுப்பிவிடு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது செய்தி, உன் வீட்டுக்காரருக்கு அது திரும்பவும் ஒரு தடவை கவிழ்வது.

கடனை நினைத்து அவசரப்பட்டு அனுப்பாதே. இறந்த தம்பி பதிவு செய்த மீனவர் என்றால் பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் விபத்துக் காப்பீடு 5 லட்சம் இருக்கிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல். அந்த வீட்டுக்கு ஒரு வழி பிறந்தால் உன் வீட்டுக்காரர் நெஞ்சுப் பாரமும் கொஞ்சம் இறங்கும்.

தொண்டி_செவிலி எழுதியது:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியாக இருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் கடற்கரையில் உடைந்த படகுக்குக் கணக்கெடுக்க ஆள் வருகிறது, உடைந்து வந்த மனிதரைப் பார்க்க யாரும் வருவதில்லை.

உயிர் போகும் நேரத்தில் தப்பிப்பதற்காக உடம்பு முழுவதும் முறுக்கேறுகிறது. கரைக்கு வந்தாலும் அந்த முறுக்கு உடனே இறங்குவதில்லை. டீசல் வாசனையும் காற்றுச் சத்தமும் போதும், உடம்பு இன்னும் கவிழ்ந்த படகின் மேலேயே கிடக்கிறது. முதல் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு, பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் தூக்கமும் தொழிலும் கெட்டால் வைத்தியம் பார்க்க வேண்டும். நீங்கள் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அவர் ராத்திரி எழுந்து உட்காரும்போது உலுக்கி எழுப்ப வேண்டாம், விரலைப் பிரிக்கவும் வேண்டாம். விளக்கைப் போடுங்கள். எப்போதும் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, "இது நம்ம வீடு, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, பையன் பக்கத்துல தூங்குறான்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், சிமென்ட் தரையின் குளிர்ச்சி தெரியட்டும். கண்ணில் படுகிற சாமான் ஐந்தை அவர் வாயாலேயே சொல்லட்டும். கை தானாக விடும்.

குவார்ட்டர் தூங்க வைப்பது போலத் தெரியும், ஆனால் பாதி ராத்திரியில் தூக்கத்தைக் கலைத்துவிடும், கெட்ட கனவும் கூடும். மெடிக்கலில் சொந்தமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது அதைவிட ஆபத்து. குடித்த வயிற்றில் அந்த மாத்திரை மூச்சையே நிறுத்தலாம்.

பேசு பேசு என்று வற்புறுத்தவும் வேண்டாம், வாயை அடைக்கவும் வேண்டாம். "கையைப் பிடிச்சுத்தான் இருந்தேன்" என்று மறுபடி சொன்னால் "விதி, விடுங்க" என்று முடித்துவிடாதீர்கள். "பிடிச்சுத்தான் இருந்தீங்க" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். தம்பி வீட்டுப் பக்கம் போகாமல் ஒதுங்குகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் ஒரு நாள் நீங்களும் கூடப் போங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் கையால் ஏதாவது செய்யட்டும்.

கடலுக்கு இப்போது அவசரம் இல்லை. முதலில் கரையில் உட்கார்ந்து வலை கட்டட்டும். அப்புறம் படகு கிடக்கிற இடம்வரை. பிறகு காற்று இல்லாத நாளில் கரையை ஒட்டி, கூட ஆளோடு. பயம் கூடினால் ஒரு படி கீழே இறங்கிக்கொள்ளலாம்.

ஏர்வாடிக்குப் போவது பற்றி. மாமியார் மனதை நோகடிக்க வேண்டாம், அந்த தர்காவிலேயே துவாவோடு மருந்தும் கொடுக்கிற அரசு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் தனியார் காப்பகம் எதிலும் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் கருகிப் போனார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறும்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசமாகப் பார்ப்பார்கள். போவதற்கு முன் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். "நானும் போயிருக்கலாம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

ராமேஸ்வரம்_பேத்தி எழுதியது:

அக்கா, தள்ளிப்போடாதீர்கள் என்று செவிலி அக்கா சொல்வதை நானும் சொல்கிறேன். என் அப்பத்தா 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் இருந்தவர். ரயிலையே கடல் கொண்டுபோன அந்தப் புயலில் அவருடைய தங்கை கை நழுவிப் போனார். அப்போது அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, வைத்தியம் என்ற பேச்சே இல்லை.

2024 நவம்பர் 20, ராமேஸ்வரத்தில் 41 செ.மீ. மழை கொட்டிய நாள். தெருத் தண்ணீர் வாசற்படி ஏறியதும் அப்பத்தா என் மணிக்கட்டைப் பிடித்து, தன் முந்தானையைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். தண்ணீர் வடிந்தும் அவிழ்க்க விடவில்லை. அவ்வளவு காலமும் அந்தப் பயம் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம். இப்போது புயல் செய்தி வந்தால் டிவியை நிறுத்திவிடுகிறோம். கூண்டு ஏற்றினால் மட்டும் நானே போய்ச் சொல்வேன். அந்த வயதிலும் தூக்கம் திரும்பி வந்தது அக்கா.

தென்கடல்_வீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி விளக்கைப் போட்டு நீங்கள் சொன்ன மாதிரியே பேசினேன். நேரமானது, ஆனால் கையை விட்டார். இன்னொரு கேள்வி. ஏழு வயது மகன் படகு இஞ்சினைக் கிளப்புகிற ஹேண்டிலை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். படுக்கையும் நனைக்கிறான். கண்டிக்கலாமா?

தொண்டி_செவிலி எழுதியது:

கண்டிக்க வேண்டாம். அப்பா போய்விடக்கூடாது என்பதைத்தான் அவனுக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறான். ஹேண்டில் அங்கேயே இருக்கட்டும், இப்போதைக்குத் தேவையும் இல்லை. "தொழிலுக்குப் போறதா இருந்தா முதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன்" என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லட்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். சித்தப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றெல்லாம் பொய் சொல்லாதீர்கள், இறந்ததை இறந்தது என்றே சொல்லுங்கள். பள்ளிக்கூடம், விளையாட்டு, சாப்பாட்டு நேரம் எதுவும் மாற வேண்டாம். படுக்கை நனைவது அநேகமாகத் தானே நின்றுவிடும், சில வாரத்தில் நிற்காவிட்டால் அவனையும் காட்டுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார், எப்போது எழுகிறார், என்றைக்குக் குடித்தார், என்ன சாப்பிட்டார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார். அந்தத் தாளை நீங்கள் கொடுங்கள்.