ஏஐ சொன்ன மூலிகைக் கூட்டுக்குக் காப்புரிமை கேட்டால் நிற்குமா?

கேள்வி (விகிதம்):
நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஏஐ மாடலைப் பழக்கினோம். பொதுவில் கிடைக்கும் தாவர மரபணு வரிசைகள், வேதிச் சேர்மத் தரவுகள், பழைய மருத்துவ நூல்களின் மின்பதிப்புகள் என்று கிடைத்ததை எல்லாம் கொடுத்தோம். புண் ஆற்றுவதற்கு இரண்டு தாவரச் சேர்மங்களை ஒரு விகிதத்தில் கலக்கச் சொன்னது. ஆய்வகத்தில் பார்த்ததில், தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. கண்டுபிடிப்பாளர் என்று யார் பெயரைப் போடுவது? ஒரு செடியைக்கூட நாங்கள் பறிக்கவில்லை, சேர்மங்களை விலைக்குத்தான் வாங்கினோம். அப்படியும் எந்த நாட்டுச் செடி என்று எழுத வேண்டுமா?

ஓரக்குறிப்பு:
பெயர் விஷயம் சுலபம், மனிதர் பெயர்தான். டாபஸ் என்ற ஏஐயைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய விண்ணப்பத்தை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022லும் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023லும் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கா 2021இல் கொடுத்ததே என்று யாராவது வருவார்கள், அங்கே ஆழமாகப் பரிசோதிக்காமலே பதிவாகிவிடும், அதை வைத்து வாதாட முடியாது. உங்கள் மூவரில் யார் என்ன யோசித்தார் என்பதற்குத் தேதியோடு குறிப்பு இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

பழஞ்சுவடி:
என்னைக் கேட்டால் உங்களுக்கு வில்லங்கம் அந்த 'பழைய மருத்துவ நூல்கள்' என்ற இடத்தில்தான். மஞ்சள் வழக்கு நினைவிருக்கும். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள், இந்தியாவின் அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். போய் எதிர்த்தது, 1997இல் ரத்தானது. வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி என்று சொன்னால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் எடுபடாது, வெளிநாட்டு வழக்கம் என்றால் அச்சில் வந்திருக்க வேண்டும், அதனால் பழைய நூல்களோடு 1953இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் தேடி எடுத்துக் காட்டினார்கள். அப்புறம்தான், பழைய மருத்துவ நூல்களைக் காப்புரிமைப் பரிசோதகர்கள் தேடிப் பார்க்கும்படி தொகுத்த பாரம்பரிய அறிவு மின்நூலகம் வந்தது. சித்த மருத்துவ நூல்களும் அதில் உண்டு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2009இலிருந்து அதைப் பார்க்கிறது. ஆக, உங்கள் மாடல் பார்க்காத பக்கத்தைக்கூடப் பரிசோதகர் பார்த்திருப்பார். மாடல் அந்தச் சேர்மங்களை எந்த நூலிலிருந்து பிடித்தது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், 'இது புதிது' என்று எந்தத் தைரியத்தில் எழுதுவீர்கள்? இந்தியாவில் கேட்டால் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(p) வேறு இருக்கிறது, மரபில் தெரிந்த பொருள்களின் தெரிந்த குணங்களைச் சேர்த்து வைப்பது கண்டுபிடிப்பே ஆகாது. கலவையில் மட்டும் வரும் கூடுதல் பலனுக்கு உங்களிடம் ஆய்வக எண்கள் இருந்தால், அதுதான் உயிர்நாடி.

விகிதம்:
எண்கள் இருக்கின்றன. எந்த நூல் என்பதுதான் தெரியாது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டோம். செடியைத் தொடாதவர்களுக்கும் மூலம் சொல்லும் கடமை உண்டா?

வேர்த்தடம்:
நாட்டுக்கு நாடு மாறும். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் 2024 மே மாதம் ஏற்கப்பட்ட ஒப்பந்தம், செடி, நுண்ணுயிர் போன்ற மரபணு வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்பு என்றால் அது எந்த நாட்டினுடையது என்று சொல்லச் சொல்கிறது, ஆனால் கணினியில் கிடக்கும் மரபணு வரிசை அந்த 'வளத்தில்' சேருமா என்று நேராகச் சொல்லவில்லை. அது நடைமுறைக்கு வர 15 தரப்புகள் சேர வேண்டும் என்பது தனிக்கதை. இந்தியச் சட்டம் கறார். காப்புரிமைச் சட்டத்தில் மூலத்தை மறைத்தாலோ தவறாகச் சொன்னாலோ எதிர்ப்பதற்கும் ரத்து செய்வதற்கும் அதுவே காரணம் ஆகும். உயிரியல் பன்முகச் சட்டத்தின் ஆறாம் பிரிவில் வளம் பற்றிய 'ஆராய்ச்சி அல்லது தகவல்' என்றே இருக்கிறது, தகவல் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு செடியைத் தொடாதவரையும் உள்ளே இழுக்கலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு உள்நாட்டவர் காப்புரிமை கைக்கு வருமுன் தேசிய உயிரியல் பன்முக ஆணையத்தில் பதிந்தால் போதும், வணிகத்துக்குப் போகும்போது ஒப்புதல், வெளிநாட்டவருக்கு முன்னதாகவே ஒப்புதல் வேண்டும்.

ஓரக்குறிப்பு:
இத்தனை கெடுபிடி சின்னக் குழுக்களைத்தான் கொல்லும், பெரிய நிறுவனம் வக்கீலை வைத்துச் சமாளித்துவிடும்.

வேர்த்தடம்:
சரிதான். ஆனால் அந்த அறிவைக் காத்து வைத்திருந்தவர்களுக்கு வக்கீலும் இல்லை, தங்கள் மருந்து எந்த மாடலுக்குள் போனது என்ற தகவலும் இல்லை. விகிதம், மாடலை மறுபடி ஓட்டுங்கள், இந்த முறை பழைய நூல்களை எடுத்துவிட்டு. அதே கலவை வருகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு ஓட்டத்தின் பதிவையும் எடுத்துக்கொண்டு காப்புரிமை முகவரிடம் போங்கள்.