கடைசல் மிஷின்ல அவுட்போர்டு பக்கம் 22 இஞ்ச் மரச்சட்டி, நிறுத்துனா பேஸ்பிளேட் (கட்டைய மாட்டுற இரும்புத் தட்டு) கழறுது, உதவி பண்ணுங்க

கீழக்கரை கடைசல்:
அண்ணன்மாரே, விருந்து வீட்டுக்கு சஹன் (பலபேர் சேந்து சாப்புடுற பெரிய தட்டு) அளவுல பூவரசு மரச்சட்டி கேட்டிருக்காங்க, பெட்டுக்கு (மிஷினோட நீளமான அடிச்சட்டம்) மேல அவ்ளோ பெரிய கட்டை சுத்தாதுன்னு ஹெட்ஸ்டாக்குக்கு (ஸ்பிண்டில்ங்கிற சுத்துற தண்டு இருக்குற தலைப்பகுதி) வெளிப்பக்கம் மாட்டிருக்கேன். பச்ச மரம், 22 இஞ்ச். அந்தப் பக்கம் இடமரை (இடப்பக்கமா திருப்புனா இறுகுற மரை), பேஸ்பிளேட்டும் இடமரைதான். மோட்டாருக்கு விஎஃப்டி (வேகத்த கூட்டிக் குறைக்கிற கருவி) இருக்கு. ஓடுறப்ப பிடிப்பு நல்லாருக்கு, ஸ்டாப் அமுக்குனா டக்குனு ஒரு சத்தம், பாத்தா பேஸ்பிளேட் லூசாகி நிக்குது. 700 ஆர்பிஎம்ல மிஷினே நகருது. மரை தேஞ்சிருச்சா, ஸ்பிண்டில மாத்தணுமா?

தேவிபட்டினம் ஆசாரி:
தம்பி, மொதல்ல 700ல ஓட்டுறத விடுங்க. விட்டத்த இஞ்ச்ல வெச்சு ஆர்பிஎம்மால பெருக்குனா 6000க்கும் 9000க்கும் நடுவுல நிக்கணும், அதுதான் கடைசல்ல வழக்கமா பாக்குற கணக்கு. 22க்கு 270ல இருந்து 400. கட்டை உருண்டைக்கு வர்ற வரைக்கும் அதுக்கும் கீழ. 700ல விளிம்பு மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, பிச்சுக்கிட்டு வந்தா ஆள் தாங்க மாட்டான்.

ஸ்பிண்டில மாத்த வேணாம். நேர் ஓட்டத்துல இடமரை இறுகத்தான் செய்யும். விஎஃப்டி ஸ்பிண்டில சட்டுனு புடிச்சு நிறுத்துது, கனமான கட்டை அது பாட்டுக்கு சுத்தப் பாக்குது, அதான் கழறுது. டிசெலரேஷன் டைம (வேகம் கொறஞ்சு நிக்க எடுக்குற நேரம்) கூட்டுங்க, இல்ல தானா ஓஞ்சு நிக்கிற மாதிரி வைங்க. ரிவர்ஸ் போடவே கூடாது, அதுவும் கழட்டி விட்ரும்.

தொண்டி மரவேலை:
ஆசாரி அண்ணன் சொன்னதோட காலரையும் (ஸ்பிண்டில்ல பேஸ்பிளேட் முட்டி உக்கார்ற விளிம்பு) பாருங்க. நம்ம பக்கம் உப்புக்காத்துல ஸ்பிண்டில் காலர்ல துரு பூத்து வளையமா நிக்கும், பேஸ்பிளேட் முழுசா ஒட்டி உக்காராது. எமரியால தேச்சு எண்ணெத் துணியால துடைங்க. பேஸ்பிளேட்ட கட்டையில பிடிக்க ஜிப்சம் போர்டு ஸ்க்ரூ போட்டிருந்தா எடுத்துருங்க, முறிஞ்சிரும், தடி மர ஸ்க்ரூ போடுங்க. மிஷின் நகர்ற ஆட்டத்துக்கு, பெல்ட்ட கழட்டிட்டு கையால சுத்தி விடுங்க, எப்பவும் ஒரே பக்கம் கீழ வந்து நின்னா அதுதான் கனம், அங்க செதுக்கிட்டு மறுபடி சுத்திப் பாருங்க.

கீழக்கரை கடைசல்:
டிசெலரேஷன் 3 செகண்டு இருந்துச்சு அண்ணே, 25 ஆக்குனேன், காலரையும் தேச்சேன், 250ல ஓட்டுறேன், இப்ப கழறல. டூல் ரெஸ்ட் (உளிய வெச்சுப் புடிக்கிற தாங்கி) எந்தப் பக்கம்? அதோட ஸ்டாண்டு வேற மணல்ல எறங்குது.

தேவிபட்டினம் ஆசாரி:
எதுத்தாப்ல நின்னு பாத்தா கட்டை கடிகார முள்ளு மாதிரி சுத்தும், வலது பாதிதான் கீழ இறங்குது, அங்க வைங்க. இடப்பக்கம் கைக்குத் தோதுன்னுதான் பலபேர் ரிவர்ஸ் போடுறாங்க. ஸ்டாண்டுக்கு அடியில கான்கிரீட் போட்டு போல்ட்டுல பிடிங்க, மணல் மூட்டையெல்லாம் மிஷின் காலுக்கு வெயிட்டா போடுங்க. பச்ச மரம்ங்கிறதால சுவர் 2 இஞ்ச் கனம் விட்டு மெழுகு பூசி, கடக்காத்து படாத ரூம்ல வைங்க, காஞ்சப்புறம் மெலிசாக்கலாம். விருந்து எப்பன்னு அவங்கள்ட்ட இப்பவே கேட்டுக்கங்க, காய மாசக்கணக்குல ஆகும்.