கிரெயின்: துகளா, அரியா, குருணையா?

மாட்டுங்காவிலிருந்து:
வணக்கம். வீட்டுத் திரைக்கு வரும் பழைய படங்களின் தரம் பற்றிய கையேட்டை நாளை மாலைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். அதில் எடுத்துக்காட்டாக வரும் படம் 1984இல் வந்த 'ரொமான்சிங் த ஸ்டோன்'. மரகதம் தேடிப் போகிறவர்களின் காதலும் கேலியும். கொலம்பியா என்று காட்டியிருந்தாலும் பெரும்பகுதியை மெக்சிகோவில்தான் எடுத்தார்கள். பிலிமில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியுமே, அதைக் குறிக்கும் 'கிரெயின்' என்ற சொல்லில் முட்டி நிற்கிறேன். 'துகள்' என்று எழுதினால், "வட்டைத் துடைத்துப் பார்த்தீர்களா?" என்கிறார் திருத்துநர்.

செம்பூரிலிருந்து:
'இரைச்சல்' போதாதா?

முலுண்டிலிருந்து:
போதாது. இரைச்சல் என்பது மின்னணுக் கருவி படத்தில் கிளப்பும் புள்ளிகள். இது பிலிமின் உடம்பிலேயே இருப்பது, வெள்ளி உப்புப் படிகங்களால் வருவது. 'வெள்ளிப்பொடி' என்று யாரும் கிளம்ப வேண்டாம். வண்ணப் பிலிமைக் கழுவும்போது வெள்ளி வெளியேறி, அந்த இடத்தில் சாயம்தான் நிற்கும்.

டோம்பிவிலியிலிருந்து:
'அரி' இருக்க அலைவானேன்? சிலம்புக்குள் இடும் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. வழக்கையே தீர்த்த சொல். புதையல் படத்துக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? அரிசியும் இதன் வழி வந்ததே. அங்கிருந்து கிரேக்கத்துக்கு...

செம்பூரிலிருந்து:
ஐயா, கிரேக்கம் வேண்டாம். போன முறை கிளம்பி சுமேரியாவில் போய் நின்றோம். மேலும், 'அரிநீக்கம்' என்றால் மாட்டுங்காவில் பாதித் தெரு பெருமாளுக்காகச் சண்டைக்கு வரும். மீதித் தெரு களிம்பு கேட்கும்.

முலுண்டிலிருந்து:
நீக்கம் என்றதும் நினைவு வருகிறது. நேற்று என் தொலைக்காட்சியின் இரைச்சல் குறைப்பை முழுக்க ஏற்றி, அந்தப் படத்தின் மழைச் சரிவுக் காட்சியைப் போட்டேன். நொடிக்கு 24 சட்டகம். ஒன்றுக்கொன்று மாறுவதையெல்லாம் அழுக்கென்று எண்ணித் துடைக்கிறது அந்த அமைப்பு. மழையில் பாதியைக் காணோம். நாயகனின் தாடி மயிர் கன்னத்தில் மெழுகாய் அப்பிக் கிடந்தது. சரி, சொல்லுக்கு வருகிறேன்: 'குருணை'. அம்மா கஞ்சிக்கு எடுத்துவைப்பது. குருணை மருந்து தூவுகிற விவசாயிக்கும் புரியும்.

டோம்பிவிலியிலிருந்து:
குருணை உடைந்த அரிசி, தம்பி. மட்டம் என்று ஒதுக்குவது. கிரெயின் படத்தின் உயிர் என்று நீங்களே வாதாடிவிட்டு, நொய்யின் பெயரையா சூட்டுவது?

செம்பூரிலிருந்து:
குருணைக்கு என் வாக்கு. தூக்கம் வருகிறது.

மாட்டுங்காவிலிருந்து:
'படக்குருணை' என்றே அனுப்பிவிட்டேன். ஐயாவின் மறுப்பை அடிக்குறிப்பில் சேர்க்க இடமில்லை, மன்னிக்கவும். குருணையை நீக்குவதற்குச் 'சலித்தல்' தானாக வந்து உட்கார்ந்தது. "இது சலித்த படம்" என்று ஒரு வரி. இப்போது திருத்துநர் தொலைபேசியில் கேட்கிறார்: படம் அவ்வளவு மோசமா?

டோம்பிவிலியிலிருந்து:
அரித்த படம் என்றிருக்கலாம். கல் அரிப்பதும் அரிப்புதான்.