ஒரே ஆழம், இரண்டு வேகம்: கால்வாய் நீரோட்டத்தை அளப்பதில் சந்தேகம்

பாலத்தடி:
வணக்கம். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காக, பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் பக்கம் சுங்கை பினாங்கு ஆற்றில் போய் விழும் சிமெண்டுக் கால்வாய் ஒன்றை அளந்து வருகிறேன். அகலம் 3 மீட்டர். காலையில் ஆழம் 40 செ.மீ.; மிதவை 10 மீட்டரை 18 விநாடியில் கடந்தது. பிற்பகலிலும் தண்ணீர் அதே 40 கோட்டில்தான் நின்றது, ஆனால் மிதவைக்கு 50 விநாடி பிடித்தது. மழை ஒரு பொட்டுகூட இல்லை. கால்வாயின் வடிவம், சரிவு, சொரசொரப்பு இவற்றிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் போட்டால் (சொரசொரப்பு எண் 0.015, தரைச் சரிவு ஆயிரத்துக்கு 1) விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வருகிறது. எதை நம்புவது?

மேட்டுத்தெரு:
என்ன மிதவை? பிளாஸ்டிக் பந்து என்றால் காற்றுதான் அதை ஓட்டும். ஆரஞ்சுப் பழம் நல்லது, பெரும்பகுதி முங்கியே போகும். மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால்தான் சராசரி வேகம்.

பாலத்தடி:
ஆரஞ்சுதான் அண்ணா, சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே இரவில் பெண்கள் கடலில் வீசுகிறார்களே, அதே பழம். பெருக்கிப் பார்த்தேன்: விநாடிக்குக் காலையில் 0.47 மீட்டர், பிற்பகலில் 0.17.

பழைய அளவையாளன்:
தம்பி, பழத்தையும் சூத்திரத்தையும் விடுங்கள், ஓத அட்டவணையைப் பார்த்தீர்களா? பினாங்கில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. கழிமுகத்துக்கு அருகே கடல் ஏறும்போது கால்வாய்த் தண்ணீர் போக வழியின்றித் தேங்கும். ஆகவே அங்கே ஆழத்தை மட்டும் வைத்து ஓட்டத்தைச் சொல்ல முடியாது.

மேனிங் சூத்திரம் சீரான ஓட்டத்துக்கு உரியது. தேங்கும் இடத்தில் தரைச் சரிவைப் போட்டால் பொய்க் கணக்குதான் வரும். உங்கள் காலை வேகத்துக்கு 4,300க்கு 1 நீர்மட்டச் சரிவே போதும். 50 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்தால் அது தெரியும். பிற்பகல் சரிவோ அதே 50 மீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர். அதை எந்தக் குழாயும் காட்டாது.

மேட்டுத்தெரு:
அப்படியானால் உப்பைக் கரைத்து ஊற்றி, கீழே உப்பு வந்து சேர்வதை மின்கடத்தல் மீட்டரால் அளக்கலாமே?

பழைய அளவையாளன்:
ஓடும் நன்னீரில் அருமையான முறை. இங்கே கடலே உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறதே! இன்னொன்று: உப்புநீர் கனமானது, அடியில் ஊர்ந்து உள்ளே வரும், நன்னீர் மேலே வெளியேறும். அந்த நேரத்தில் 0.85 என்பதற்கே பொருளில்லை. பாதி மணல் நிரப்பிய புட்டியை அடியாழம் வரை கயிற்றில் தொங்கவிட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறதென்று.

பாலத்தடி:
அப்படியானால் எங்கே நின்று அளப்பது ஐயா?

பழைய அளவையாளன்:
மேலே நடந்து போங்கள். பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தின்போதும் சுவர்க்கோட்டில் தண்ணீர் உயராத இடம் எதுவோ, அங்கே. அகலத்தை ஐந்தாறு கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ஆழம், தனி மிதவை. காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. மலைப்பக்கம் கறுத்தால் உடனே கரையேறிவிடுங்கள்.